‘பரவாயில்லீங்க’ என்றால் திருப்தி என்று அர்த்தமா? வேலூர்ப் பள்ளிகளைப் பற்றிக் கொஞ்சம்

மே மாதம் வந்தால் வேலூர்க்காரர்களுக்கு ஒரு சடங்கு உண்டு. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும், கூடவே மாவட்ட வாரியான பட்டியலும் வரும், மற்ற ஊர்க்காரர்கள் மேலே இருந்து தங்கள் ஊரைத் தேடும்போது நாம் நேரே கீழே போய்விடுவோம். 2022இல் 79.87 சதவீதம், கடைசி. 2024இல் 82.07, கடைசி. 2025இல் 85.44, அப்போதும் கடைசி. நடுவில் 2023இல் தப்பித்தோம் என்றால் அந்த வருஷம் ராணிப்பேட்டை 83.54 எடுத்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டதால்தான். பிளஸ் டூவும் அப்படித்தான், 2022இல் வேலூர், 2023இல் ராணிப்பேட்டை, 2024இல் திருவண்ணாமலை. இந்த மூன்றும் 1989 வரைக்கும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். அந்த வருஷம் திருவண்ணாமலை தனியாகப் போனது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் போயின. சொத்தைப் பிரித்துக்கொண்ட பங்காளிகள் கோயில் மரியாதையை மட்டும் முறை வைத்து வாங்கிக்கொள்வார்களே, அப்படி இந்தக் கடைசி இடத்தை நாங்கள் முறை வைத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வைத்தியத்துக்கு வருகிற ஊர் இது. ஆந்திராவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இன்ஜினியரிங் படிக்க இங்கேதான் வருகிறார்கள். ஆசிரியர் தினம் யாருடைய பிறந்தநாளோ, அந்த ராதாகிருஷ்ணன் வாலாஜாவிலும் வேலூர் ஊரிசு கல்லூரியிலும் படித்தவர்தான். இதையெல்லாம் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொள்ளலாம், பட்டியலில் ஒரு இடம்கூட ஏறாது.

சரி, ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் டீக்கடையில் என்ன பேசுவார்கள்? ஸ்கூல் சரியில்லை, வாத்தியார் சரியில்லை, பசங்க செல்போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆக, மக்களுக்குப் பள்ளிகள் மேல் திருப்தி இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா? அங்கேதான் எனக்குச் சந்தேகம். இரண்டு வருஷமாக ஒரு அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். நான் பார்த்த வரையில் இந்தச் சதவீதத்துக்கும் பெற்றோரின் திருப்திக்கும் இருக்கிற சம்பந்தம் ரொம்ப தூரத்து உறவு, கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிற அளவுக்குக்கூட இல்லை.

முதலில் சதவீதத்தையே பார்த்துவிடலாம். தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் பாஸ் என்பதுதான் கணக்கு. ஐந்து பாடத்தில் ஒன்றில் 34 வாங்கினாலும் அந்தப் பிள்ளை பாஸ் பட்டியலில் இல்லை, ஐந்திலும் 35 வாங்கினால் உண்டு. அப்புறம், யார் எழுதினார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. நூறு சதவீதம் என்று பேனர் கட்டுகிற பள்ளிகளில் சில, ஒன்பதாம் வகுப்பு முடியும்போது பெற்றோரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உங்கள் பையனுக்கு இங்கே கஷ்டமாக இருக்கும், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நைசாகப் பேசி டிசியைக் கையில் கொடுத்துவிடும். அந்தப் பையன் ஜூன் மாதம் எங்கே போவான்? பக்கத்து அரசுப் பள்ளிக்கு. அவர்கள் இல்லை என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அடுத்த மே மாதம் அவன் கணக்கில் 28 வாங்கினால் அது அரசுப் பள்ளியின் தோல்வியாகப் பதிவாகும், அனுப்பிவைத்த பள்ளி பேனரில் இன்னொரு வருஷத்தைச் சேர்த்துக்கொள்ளும்.

இன்னொரு வேடிக்கை. மாநிலத்தில் முதல் இடம், இரண்டாம் இடம், மூன்றாம் இடம் என்று பிள்ளைகளின் பெயரை அறிவிப்பதை 2017இலேயே நிறுத்திவிட்டார்கள், பிள்ளைகளுக்கு மன அழுத்தம் என்று. நல்ல முடிவு, அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் மாவட்டங்களுக்கு மட்டும் அந்த வரிசை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தம் கலெக்டரிடமிருந்து முதன்மைக் கல்வி அலுவலருக்கும், அவரிடமிருந்து ஹெச்.எம்.களுக்கும், அங்கிருந்து பாட ஆசிரியருக்கும் இறங்கி, கடைசியில் சாயங்காலம் ஆறரை மணி வரைக்கும் ஸ்பெஷல் கிளாஸில் உட்கார்ந்திருக்கிற, காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பிய ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணின் தலையில் வந்து நிற்கிறது.

வரிசையைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் வேறு கதை தெரியும். 2022இல் மாநில சராசரி 90.07, நமக்கும் அதற்கும் பத்து புள்ளிக்கு மேல் தூரம். 2025இல் மாநிலம் 93.80, நாம் 85.44, தூரம் எட்டே கால் புள்ளியைத் தாண்டி நிற்கிறது. குறைந்திருக்கிறது. மூன்று வருஷத்தில் ஐந்தரைப் புள்ளி ஏறியிருக்கிறோம். ஆனால் ‘வேலூர் மீண்டும் கடைசி’ என்கிற தலைப்பு மாறவில்லை, அதனால் ஏறிய ஐந்தரைப் புள்ளிக்கு யாரும் ஒரு லட்டுகூட வாங்கித் தரவில்லை.

அப்படியானால் பிரச்சினையே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது, நிறையவே இருக்கிறது. குடியாத்தம் பக்கம் தெருவுக்குள் போனால் திண்ணையில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள், பக்கத்தில் பள்ளிவிட்டு வந்த பெண் பிள்ளை இலை வெட்டிக்கொண்டோ நூல் கட்டிக்கொண்டோ இருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் வேலை. காலையில் ஷூ கம்பெனி பஸ் கிராமம் கிராமமாக வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும், அம்மா திரும்பி வர இருட்டிவிடும். பத்தாவது பாஸோ ஃபெயிலோ, பதினெட்டு வயசானால் அந்த பஸ்ஸில் ஒரு சீட் இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அது ஒரு வகையில் தைரியம். இன்னொரு வகையில், படிப்பில் கொஞ்சம் தடுமாறினாலே விட்டுவிடலாம் என்கிற எண்ணத்தைத் தருவதும் அதுதான்.

மொழியும் ஒரு விஷயம். வெளியூர்க்காரர்களுக்கு இது புரிவதில்லை. 1911 வரைக்கும் சித்தூரும் வட ஆற்காட்டில்தான் இருந்தது, காட்பாடியைத் தாண்டினாலே தெலுங்கு வீடுகள் வந்துவிடும். பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரத்தில் உருது. 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தின்படி ஒன்றாம் வகுப்பில் ஆரம்பித்த தமிழ்க் கட்டாயம் 2016இல் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தொட்டது. உருது, தெலுங்கு வழியில் படித்த பிள்ளைகள் விலக்கு கேட்டு நீதிமன்றம் போனதும் அதிலிருந்துதான், 2023இல் உச்ச நீதிமன்றம் வரை போய் இன்னும் ஒரு வருஷம் விலக்கு வாங்கினார்கள். வீட்டில் ஒரு மொழி, பாடத்தில் ஒரு மொழி, பரீட்சையில் இன்னொன்று. தமிழ் சொல்லித்தர வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை, சொல்லித்தர ஆளைப் போடுங்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

மலையை எடுத்துக்கொள்ளுங்கள். அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை என்று மூன்று மலை ஊராட்சிகள், ஜவ்வாது மலையில். அங்கே இருக்கிற பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் வருவதில்லை, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை நடத்துகிறது. கீழே இருக்கிற ஒன்றியப் பள்ளி வேறு துறை, உதவி பெறும் பள்ளிக்கு நிர்வாகம் என்று ஒன்று தனியாக. டீச்சர் வரவில்லை என்று ஒரு அப்பா திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு வந்து மனு கொடுத்தால், அது எங்கள் துறை இல்லை என்று இன்னொரு மேஜையைக் காட்டுவார்கள். அவர் மலையிலிருந்து இறங்கி வர ஒரு நாள் கூலியை விட்டிருப்பார். அடுத்த தடவை வருவாரா?

இனி எங்கள் குழுவுக்கு வருகிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு வேண்டும், அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் ரொம்ப நாள் இது பேப்பரில்தான் இருந்தது, 2022இல்தான் பெற்றோரை எல்லாம் கூப்பிட்டுத் தேர்தல் மாதிரி நடத்தி இருபது பேர் குழுவாக அமைத்தார்கள், 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து இருபத்து நான்கு ஆக்கினார்கள். தலைவர் பதவி ஒரு மாணவரின் அம்மாவுக்கு. யோசனை என்ற அளவில் இதைவிட நல்லது இருக்க முடியாது.

நடப்பது எப்படி என்றால், வெள்ளிக்கிழமை மூன்று மணி. ஏழாம் வகுப்பு அறை, பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் நாங்கள் முட்டி இடிக்க உட்கார்ந்திருப்போம். இருபத்து நான்கு பேரில் ஒன்பது பேர் வந்தால் அது பெரிய கூட்டம். ஷூ கம்பெனிக்குப் போகிற அம்மாக்கள் வரவே முடியாது, அரை நாள் சம்பளம் போய்விடும். பீடி சுற்றுகிறவர்கள் வருவார்கள், முறத்தைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, விரல் நுனியில் இலை வாசனையோடு. ஹெச்.எம். நல்ல மனுஷி, தீர்மானங்களைப் படிப்பார், செயலியில் ஏற்றுவதற்கு எல்லோரையும் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுப்பார்கள், அப்புறம் கேட்பார்: “வேற ஏதாவது குறை இருக்குதாம்மா?”

எல்லோரும் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்கள். தலைவி அக்கா சொல்வார்: “ஒண்ணும் இல்லீங்க டீச்சர். பரவாயில்லீங்க.”

இந்தப் ‘பரவாயில்லீங்க’தான் அறிக்கைக்குப் போகிறது. பெற்றோர் திருப்தி என்று மேலே யாராவது எழுதினால் அது இந்தச் சொல்லிலிருந்துதான் எழுதப்படுகிறது. அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பயம், எவ்வளவு மரியாதை என்று பிரித்துப் பார்ப்பது சுலபமில்லை.

உண்மையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2022 செப்டம்பரில் மதுரையில் ஆரம்பித்து அடுத்த ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலைச் சிற்றுண்டியைப் பற்றிக் கேளுங்கள், அந்த அம்மாக்களின் முகமே மாறும். ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் பிடிக்கிற பெண்ணுக்கு, பிள்ளை பள்ளியில் உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவிடும் என்பது சின்ன விஷயமா? மூத்த பெண் காலேஜ் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் புதுமைப்பெண் திட்டத்தில் வருகிறது. புத்தகம், சீருடை, பஸ் பாஸ், பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள். சோறு, துணி, பஸ் இந்த மூன்றிலும் இந்த ஊர் அம்மாக்களுக்குத் திருப்தி இருக்கிறது, நிஜமான திருப்தி.

குறை இருப்பது வகுப்பறைக்குள்ளே. அதைச் சொல்லும் தைரியம் அவர்களுக்கு இல்லை என்று நான் நினைத்ததுண்டு, தப்பு. “நாங்க இன்னா படிச்சிருக்கோம் சார், டீச்சர் கிட்ட போய் நீ சரியா சொல்லித்தரலன்னு சொல்றதுக்கு” என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால் அவருக்குத் தெரியும், சொல்லிவிடுவார். பின்னக் கணக்கில் என்ன இல்லை என்று அவருக்குத் தெரியாது. அதற்கு மேலே, சொன்னால் நம் பிள்ளையைக் குத்திக்காட்டுவார்களோ என்கிற பயம். 14417 என்று ஒரு உதவி எண் இருக்கிறது என்று பாடப்புத்தகத்திலேயே போட்டிருக்கிறார்கள், எங்கள் தெருவில் அதற்குப் போன் செய்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

வாயால் சொல்லாத குறையைக் காலால் சொல்கிறார்கள். ஏப்ரல், மே மாதம் ஹெச்.எம். அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். டிசி கேட்டு வருவார்கள். என்ன காரணம் என்று கேட்டால் வீடு மாறுகிறோம் என்பார்கள், ஆயா ஊருக்குப் போகிறோம் என்பார்கள், பதிவேட்டில் ‘பெற்றோர் விருப்பம்’ என்று எழுதப்படும். ஜூன் மாதம் அதே பிள்ளை அதே தெருவிலிருந்து தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் ஏறிப் போகும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அதே அம்மா ‘பரவாயில்லீங்க’ என்று கையெழுத்துப் போட்டவர்தான்.

வேனில் ஏறியவர்கள் திருப்தியாக இருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. ஃபீஸ், வேன் ஃபீஸ், புக்ஸ் ஃபீஸ் என்று நகை அடகுக் கடைக்குப் போகிறது, அது போதாதென்று பிள்ளையைச் சாயங்காலம் டியூஷனுக்கு வேறு அனுப்புகிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டிய இருபத்தைந்து சதவீத ஆர்.டி.இ. சீட்டை நம்பி இருந்தவர்கள் 2025இல் பட்ட பாடு தனிக் கதை. மத்திய அரசு சமக்ர சிக்ஷா என்கிற பள்ளிக் கல்வித் திட்டத்தின் பணத்தை நிறுத்தியது, மாநிலம் பி.எம். ஸ்ரீ என்கிற மத்திய அரசுப் பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றது, வழக்கமாக ஏப்ரலில் ஆரம்பிக்கிற சேர்க்கை அந்த வருஷம் அக்டோபருக்குப் போனது. அதற்குள் காத்திருக்க முடியாதவர்கள் கடன் வாங்கிச் சேர்த்துவிட்டார்கள். டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவே நடந்த சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று பேச எனக்கும் கருத்து உண்டு, ஆனால் எல்.கே.ஜி. சேர வேண்டிய பிள்ளை அரை வருஷம் வீட்டில் இருந்ததற்கு இரண்டு பக்கமும் பதில் சொல்லவில்லை.

ஆசிரியர்களைக் கேட்டால் அவர்களும் நொந்துபோயிருக்கிறார்கள். காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் வருகைப் பதிவு, அப்புறம் அந்தப் படிவம், இந்தக் கணக்கெடுப்பு, சீருடை அளவு, ஆதார் அப்டேட், நெட்வொர்க் சுற்றிக்கொண்டே இருக்கும். 2012இல் ஐந்தாயிரம் ரூபாய்க்கு வேலைக்குச் சேர்ந்த பகுதி நேர ஆசிரியர்கள் இன்னும் பகுதி நேரமாகவே இருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் பாஸ் செய்தாக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, இருபது வருஷம் பாடம் நடத்தியவர் சாயங்காலம் கைடு வாங்கிவைத்துப் படிக்கிறார். காலிப் பணியிடம் வந்தால் மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக ஆள் போட்டுக்கொள்ளலாம் என்று 2022இல் ஒரு வழி வந்தது, இடைநிலை ஆசிரியருக்கு 12,000, பட்டதாரிக்கு 15,000, முதுநிலைக்கு 18,000. அந்தச் சம்பளத்துக்கு பி.எட். முடித்த ஒருவர் வந்தாலும், வேறு நல்ல வேலை கிடைக்கிற வரைக்கும்தான் இருப்பார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

பிள்ளைகளை யாரும் கேட்பதே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் எட்டாம் வகுப்புப் பெண்களிடம் சும்மா, ஸ்கூலில் என்ன மாறினால் நன்றாக இருக்கும் என்று கேட்டேன். பாடம், பரீட்சை என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். “பாத்ரூம்ல தாழ்ப்பாள் சார்” என்றார்கள், நாலைந்து பேர் ஒரே குரலில். ஒரு தோழி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம், அதனால் எப்போதும் இரண்டு பேராகத்தான் போவார்களாம், அதற்கும் வகுப்பில் திட்டு. நாங்கள் இரண்டு வருஷமாகப் போட்ட தீர்மானங்களில் சுற்றுச்சுவர் இருந்தது, ஸ்மார்ட் கிளாஸ் இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. அடுத்த நாள் ஹார்டுவேர் கடையில் வாங்கி மாட்டியாகிவிட்டது, அதற்கு எந்த நிதியும் தேவைப்படவில்லை.

அதிலிருந்துதான் கேள்வியை மாற்ற ஆரம்பித்தேன். திருப்தியா, குறை இருக்கிறதா என்று கேட்டால் பரவாயில்லீங்கதான் வரும், நம் ஊர்ப் பேச்சு அப்படி, விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாடு எப்படி என்றால் நாம் வேறு என்ன சொல்வோம். அதனால் அடுத்த கூட்டத்துக்குப் பிள்ளைகளின் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். ஆறு அம்மாக்கள் கொண்டுவந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தலைவி அக்காவும் பையனுடைய நோட்டைக் கொண்டுவந்தார், தேதி எங்கே போட்டிருக்கும் என்று பையனிடம் கேட்டு வைத்துக்கொண்டு. ஒவ்வொருவரும் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்கள். ஆறு நோட்டிலும் கடைசித் தேதி ஆகஸ்ட் 22. அன்று அக்டோபர் பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கணக்கு டீச்சர் மாறுதலில் போனதும் அந்த இடத்துக்கு ஆள் வராததும் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அதை யாரும் அதுவரை வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை.

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஹெச்.எம். நோட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார், பிரித்தார், மறுபடியும் அடுக்கினார். மேலே ஏற்கெனவே இரண்டு தடவை எழுதிப் போட்டிருக்கிறேன் சார் என்றார் என்னைப் பார்த்து. அது உண்மைதான், காப்பியைக் காட்டினார்.

“இதையே தீர்மானமா எழுதலாமா டீச்சர்?” என்று கேட்டது தலைவி அக்காதான்.

எழுதினோம். ஆகஸ்ட் 22க்குப் பிறகு ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்குப் பாடம் நடக்கவில்லை என்று ஒரே ஒரு வரி, தற்காலிக ஆசிரியர் போட அனுமதி வேண்டும் என்று இன்னொரு வரி. தலைவி அக்கா கீழே கைநாட்டு வைத்தார், பீடி இலைக் கறை ஏறிய விரலில் மையும் சேர்ந்துகொண்டது. மூன்று வாரம் கழித்து காட்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தார், 15,000 ரூபாய்க்கு, இரண்டு பஸ் மாறி.